வேடிக்கை பார்க்கிறவர்கள்

'வேடிக்கை' என்ற சொல்லைத் தமிழில் நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். சிரிக்க வைப்பது வேடிக்கை. 'பார்' என்கிற வினையோடு சேர்ந்ததும் அதே சொல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. தெருவில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான், கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறது. பார்க்கிறவனுக்கும் பார்க்கப்படுகிறவனுக்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது என்பதையும், அந்தத் தூரத்தைக் கடக்காமல் இருப்பதில் பார்க்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு என்பதையும் இந்த ஒரு பிரயோகம் சொல்லிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளைப் பற்றிய சில படங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது வேறு எந்த விமர்சனக் கலைச்சொல்லையும்விட இந்தச் சொல்தான் எனக்கு உதவியாக இருந்தது.

இந்தப் படங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. மூன்று பேரோ நாலு பேரோ ஒரு வண்டியில் ஏறிக் கடற்கரை நகரத்தை விட்டு உள்ளே போகிறார்கள். நடுவில் நூறு மைலுக்கு ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மதுக்கடை, சம்பந்தமில்லாமல் நிற்கும் ஒரு பிரும்மாண்டமான பொம்மை, வினோதமாகப் பேசும் ஓர் ஆள். சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் வேறு வினோதம். நாவலாசிரியனுக்கு இருக்கும் தொல்லை இந்த வடிவத்தில் டைரக்டருக்கு இல்லை. எந்த மனிதனையும் இருபது நிமிஷத்துக்கு மேல் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வண்டி கிளம்பிவிடும்.

படங்களுக்குப் போகுமுன் அந்தப் பொம்மைகளைக் கொஞ்சம் பார்க்கலாம். நியூ சவுத் வேல்ஸில் கோல்பர்ன் என்ற ஊரில் ஒரு கான்கிரீட் மெரினோ ஆட்டுக் கடா நிற்கிறது. 1985ல் கட்டியது. 15 மீட்டருக்குச் சற்று மேல் உயரம், 97 டன் எடை. வயிற்றில் கடை. படியேறித் தலைக்குப் போய் ஆட்டின் கண்கள் வழியாக வெளியே பார்க்கலாம். 1992ல் ஹ்யூம் நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிப் போகும்படி மாற்றப்பட்டது. கார்கள் ஊருக்குள் வருவது நின்றது, ஆட்டைப் பார்க்க ஆளில்லை. 2007ல் அந்த 97 டன்னையும் பெயர்த்து, முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நகர்த்தி, நெடுஞ்சாலையிலிருந்து கார்கள் இறங்கும் இடத்துக்கருகில் கொண்டுபோய் வைத்தார்கள். கலைக்கும் சூழலுக்கும் உள்ள உறவு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதித் தீர்க்கும் விஷயம் இவ்வளவு ஸ்தூலமாக வேறெங்கும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை.

இப்படி நூற்றுக்கு மேல் இருக்கின்றன. காஃப்ஸ் ஹார்பரில் வாழைப்பழம் (1964), குவீன்ஸ்லாந்தில் அன்னாசி (1971), கிங்ஸ்டனில் 17 மீட்டர் உயரச் சிங்கி இறால் (1979). 2007ல் இவற்றுக்குத் தபால்தலைகூடப் போட்டார்கள். இவற்றை வெகுஜனக் கலை என்று தூக்கிப் பிடிக்கும் புது மோஸ்தரும் எனக்குச் சம்மதமில்லை. சந்தைக் குப்பை என்று மூக்கைச் சுளிக்கும் பழைய மேட்டிமையும் சம்மதமில்லை. கம்பளி, பழம், இறால் என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். நிலத்திலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்தவை அவை. குடியேறினவன் தான் எடுத்ததைப் பெரிதாக்கி அதே நிலத்தின் மேல் நிறுத்தி வைக்கிறான். காலி நிலம் என்று சட்டம் சொல்லிவந்த இடத்தில் ஆள் இருப்பதற்கு அத்தாட்சியாக ஒரு கையெழுத்து. கையெழுத்தைச் சற்றுப் பெரிதாகவே போட்டிருக்கிறான்.

அதே சாலையில் இன்னும் தெற்கே, கண்டகாய் ஊருக்குச் சில மைல் வெளியே, சோற்றுப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் நாய். ஃபிராங்க் ருஸ்கோனி செய்த சிற்பம். 1932ல் பிரதம மந்திரி ஜோஸஃப் லயன்ஸ் வந்து திறந்துவைத்தார். மாட்டுவண்டிக்காரர்களிடையே வழங்கிய ஒரு நாட்டுப் பாட்டிலிருந்து வந்த நாய் அது. மூலப் பாட்டில் நாய் பெட்டிமேல் உட்காரவில்லை, வேறொரு காரியம் செய்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வினைகளுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். பதிப்பாசிரியர்களின் கைங்கர்யம் நமக்குப் புதிதில்லை, ஆகவே இதைப் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு உறைத்தது வேறு. 1852ல் முரம்பிட்ஜி ஆறு பெருகிக் கண்டகாயை அடித்துக்கொண்டு போனது. அன்று விரஜுரி இனத்தைச் சேர்ந்த யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற இருவரும் இன்னும் சிலரும் மரப்பட்டைத் தோணிகளில் போய், கூரைகளிலும் மரங்களிலும் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களில் 60 பேருக்கு மேல் கரைசேர்த்தார்கள். அந்த இருவருக்கும் ஊரின் கடைத்தெருவில் வெண்கலச் சிலை வைத்தது 2017ல். நாய்க்கு 1932. வெள்ளம் வந்து 80 வருஷத்தில் நாய் வந்துவிட்டது. மனிதர்களுக்கு 165 வருஷம் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தச் சாலையில் போன அத்தனை கோஷ்டிகளும் நாயின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை. வேடிக்கை பார்க்க எது கொடுக்கப்பட்டதோ அதைப் பார்த்தார்கள்.

நிறுத்தம் என்பது ஊர்க்காரனுக்குப் பிழைப்பு என்பதைக் கொஞ்சமும் பூசி மெழுகாமல் சொன்னவர் பீட்டர் வீர். 1974ல் அவர் எடுத்த முதல் முழுநீளப் படத்தில் பாரிஸ் என்று ஒரு குக்கிராமம். வழிப்போக்கர்களின் கார்களை விபத்தில் மாட்டவைத்து, உடைந்த பாகங்களை வைத்து ஊர் வாழ்கிறது. படமாக அது பாதியில் தள்ளாடுகிறது, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோல்பர்னின் ஆடு இடம்பெயர்ந்ததற்கான காரணத்தை பதினெட்டு வருஷம் முன்னால் தலைகுப்புறப் பார்த்துவிட்ட கற்பனை அது.

இனி, ஸ்டெஃபான் எலியட்டின் 'பிரிஸில்லா' (1994). நம் நண்பர்கள் சிலருக்கு இந்தப் படத்தின் மேல் அபார மோகம் இருப்பதால் விஸ்தாரமாகவே பேச வேண்டியிருக்கிறது. ஸிட்னியில் பெண் வேடமிட்டு மேடையில் ஆடும் இருவர், அவர்களுடன் ஒரு திருநங்கை. ஹ்யூகோ வீவிங், கை பியர்ஸ், டெரன்ஸ் ஸ்டாம்ப். பிரிஸில்லா என்று பெயரிட்ட ஒரு பழைய பேருந்தில் ப்ரோக்கன் ஹில், கூபர் பீடி வழியாகப் பாலைவனத்தைக் கடந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறார்கள். உடைகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ரப்பர் செருப்புகளையே கோத்துத் தைத்த கவுன் ஒன்று வருகிறது. பேருந்தின் கூரைமேல் ஆள் உட்காருமளவுக்கு ஒரு ராட்சதக் குதிகால் செருப்பு. அதில் வெள்ளி உடை பறக்க ஒருவன் உட்கார்ந்து, பின்னால் ஒலிக்கும் ஆபரா பாட்டுக்கு வாயசைத்தபடி பாலைவனத்தைக் கடக்கிறான்.

இந்த பிம்பத்தைப் படத்தின் அழகான காட்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழகு இருக்கட்டும், அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. அந்தச் செருப்பு, சாலையோரத்து ஆட்டுக்கும் இறாலுக்கும் கூடப்பிறந்தது. அன்றாடச் சாமான் ஒன்றை அளவுமீறிப் பெரிதாக்கும் அதே கைவரிசைதான். ஒரே வித்தியாசம், இது நகர்கிறது. அதாவது வேடிக்கை ஊருக்கு ஊர் நிற்கவில்லை. வேடிக்கைதான் பயணம் செய்கிறது. ஊர்கள் நின்று பார்க்கின்றன. ப்ரோக்கன் ஹில்லில் முழு அலங்காரத்தோடு மூவரும் தெருவில் நடக்கையில் ஊர் வாயைப் பிளக்கிறது. மதுக்கடையில் சொல்லுக்குச் சொல் கொடுத்து ஜெயித்துவிட்டு வருகிறார்கள். மறுநாள் காலை பேருந்தின் பக்கவாட்டில் எய்ட்ஸ் என்ற வார்த்தையோடு ஒரு வசவு எழுதியிருக்கிறது. சிரிப்பு அங்கே அறுபடுகிறது. எழுத்தின் மேல் ஊதா நிறத்தைப் பூசிக்கொண்டு போகிறார்கள். வழக்கமான சாலைப் படத்தில் யார் பார்க்கிறவன், யார் பார்க்கப்படுகிறவன் என்பதை எலியட் புரட்டிப் போட்டுவிடுகிறார். பார்க்கப்படுவதன் கூச்சம், பார்க்கப்படுவதன் கர்வம், அடி எப்போது விழும் என்கிற பயம் மூன்றும் ஒரே உடம்பில் இருப்பதை டெரன்ஸ் ஸ்டாம்ப்பின் முகம் காட்டுகிறது. (கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு இது சற்றுத் தெரியும். வரிசையை நான் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைப்பு. உண்மையில் முப்பது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.)

இவ்வளவு தெரிந்த டைரக்டர் பிறகு என்ன செய்கிறார்? பேருந்து பாலைவனத்தில் நின்றுவிடுகிறது. அங்கே தென்படும் பூர்வகுடி இளைஞன் ஒருவன் மூவரையும் தன் கூட்டத்தாரின் நெருப்புச் சுற்றுக்கு அழைத்துப் போகிறான். ஆடுகிறார்கள், அவர்களில் ஒருவனும் சேர்ந்து ஆடுகிறான், நல்ல இரவு. ஊரில் வசவு எழுதினவர்கள் வெள்ளையர்கள், காட்டில் வரவேற்கிறவர்கள் கறுப்பர்கள். ஒதுக்கப்பட்டவனை ஒதுக்கப்பட்டவன் அடையாளம் கண்டுகொள்கிறான் என்ற சமன்பாடு. சமன்பாடு சுலபமாக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம். அந்த மனிதர்களுக்கு இந்தப் படத்தில் இருக்கும் வேலை, நல்ல ரசிகர்களாக இருப்பது. இரண்டு வருஷங்களுக்கு முன்னால்தான், 1992ல், மேபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் அந்த நிலம் எப்போதும் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது என்ற சட்டப் பொய்யைத் தள்ளுபடி செய்திருந்தது. நாடு முழுக்க அதே பேச்சு. படத்துக்கு அது காதில் விழவில்லை. காலையில் பேருந்தைக் கிளப்புவதைப் பற்றித்தான் அதற்குக் கவலை.

இதைவிட மோசம் அடுத்த நிறுத்தம். பேருந்தை ரிப்பேர் செய்ய வரும் பாப் என்ற மெக்கானிக்கின் ஊர். பாப் நல்லவன், பழைய மேடை நடனங்களின் ரசிகன். அவன் மனைவி ஸின்தியா பிலிப்பைன்ஸ்காரி. அவள் மதுக்கடை மேசைமேல் ஏறித் தன் உடம்பைக் கொண்டு செய்யும் பிங்பாங் பந்து வித்தையைச் சொல்லி விவரிக்க வேண்டியதில்லை. குடிகாரர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். பிறகு அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாப்பைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறாள், கதைக்கு வசதியாக. எல்லோரையும்தானே படம் கேலி செய்கிறது, இவளை மட்டும் விட்டுவிட வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லோரையும் கேலி செய்கிறது, வாஸ்தவம். ஆனால் மற்றவர்களுக்கு இந்தப் படம் கேலியோடு கூடவே ஒரு நினைவையும் கொடுக்கிறது. பெர்னடெட்டுக்கு ஒரு குழந்தைப் பருவம் உண்டு, டிக்குக்கு ஒரு கல்யாணம் உண்டு, ஆடமுக்கு ஒரு மாமா உண்டு. ஸின்தியா எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்பதை பாப் சொல்லத்தான் கேட்கிறோம். அவள் இன்னொருவன் ஞாபகத்தில் நடமாடுகிற ஆள். தன்னை வேடிக்கை பார்க்கும் கண்களைத் திருப்பிப் பார்த்த மூவர், இங்கே மற்றவர்களோடு உட்கார்ந்து அவளை வேடிக்கை பார்க்கிறார்கள். முகம் சுளிக்கிறார்கள் என்பது உண்மை. சுளித்த முகமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இதை ஒரு சறுக்கல் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் படத்தின் முதல் பாதியில் எலியட் சம்பாதித்தது அத்தனையும் இந்த ஒரு மேசைமேல் செலவாகிவிடுகிறது.

பாப்பாக நடித்தவர் பில் ஹன்டர். 2011ல் காலமானார். ஆஸ்திரேலியச் சினிமாவில் நல்லதனமான உள்நாட்டு வெள்ளைக்காரன் என்றால் இவர் முகம்தான் ஞாபகம் வருகிறது. பதினேழு வருஷங்களுக்கு முன்னால் இதே முகம் வேறொரு வண்டியில் போயிற்று.

பிலிப் நாய்ஸின் 'பேக்ரோட்ஸ்' (1977) ஒருமணி நேரப் படம்தான். பணமில்லாமல் எடுத்தது பார்த்தாலே தெரியும். நாய்ஸ் பிறகு ஹாலிவுட்டுக்குப் போய்த் திறமையான, பெரிய செலவுப் படங்கள் எடுத்தார். அவற்றை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். இதில் ஜாக் என்ற வெள்ளை நாடோடியும் (ஹன்டர்) கேரி என்ற பூர்வகுடி இளைஞனும் ஒரு பான்டியாக் காரைத் திருடிக்கொண்டு மேற்கு நியூ சவுத் வேல்ஸில் கிளம்புகிறார்கள். வழியில் கேரியின் உறவினர் ஜோ ஏறுகிறார், ஒரு பிரெஞ்சுக்காரன் ஏறுகிறான், ஒரு பெண் ஏறுகிறாள். அதே கோஷ்டிப் பயணம், அதே குடி, அதே மண்சாலை. கேரியாக நடித்த கேரி ஃபோலி தொழில்முறை நடிகரல்ல. 1972ல் கான்பெராவில் பாராளுமன்றத்துக்கு எதிரே புல்தரையில் கூடாரம் போட்டு அதற்குத் தூதரகம் என்று பெயர் வைத்த பூர்வகுடி இயக்கத்தில் முன்னால் நின்றவர். படத்தில் தன் மக்களைக் காட்டும் விதத்தில் தன் சொல் எடுபட வேண்டும் என்று கேட்டு, அதன்பேரில் நடித்தவர்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரனும் அந்தப் பெண்ணும் பாதி எழுதப்பட்ட பாத்திரங்கள். ஏறுகிறார்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு வேலை இல்லை. துப்பாக்கியிலும் போலீஸிலும் போய் முடியும் கடைசிப் பகுதி அவசரமாக இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தில் வழியோரத்து ஊர் எதுவும் வினோதமாக இல்லை. இது தற்செயலல்ல என்று நினைக்கிறேன். வினோதமாக இருப்பதற்கு ஊர் புதிதாக இருக்க வேண்டும். கேரிக்கு எதுவும் புதிதில்லை. ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட ரிசர்வில் கார் நிற்கும்போது காமிரா எதையும் பெரிதாக்காமல், எதற்கும் இரங்காமல் சும்மா இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் பேசுகிறார்கள், குடிக்கிறார்கள், சத்தம் போடுகிறார்கள். ஜாக்தான் அங்கே வெளியாள். வண்டியில் போகும்போதெல்லாம் கறுப்பர்களைப் பற்றி அவன் பேசுகிற பேச்சு காதால் கேட்க முடியாதது. அதைச் சிநேகம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். கேரி அதற்குப் பதில் சொல்லும் இடங்களும், பதில் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களும் சேர்ந்துதான் படம். நண்பர்கள்தானா இவர்கள் என்ற கேள்வியை நாய்ஸ் தீர்த்துவைக்கவில்லை. தீர்த்துவைத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். ஹன்டரின் பாப்பை ரசிக்கிறவர்கள் ஹன்டரின் ஜாக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். அதே முகத்தின் அதே சௌஜன்யம் எதையெல்லாம் மூடிவைத்திருக்கிறது என்பது தெரியும்.

'பேக்ரோட்ஸ்' பெரிய கலைப்படைப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 'பிரிஸில்லா'வில் உள்ள கைத்தேர்ச்சியில் கால்வாசி அதில் கிடையாது. ஆனால் யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியைக் கடைசி ப்ரேம்வரை கைவிடாமல் இருந்தது அது. இரண்டில் எது நமக்கு வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

இன்னொரு பேருந்தையும் சொல்லவேண்டும். அது கதையல்ல. 1965 பிப்ரவரியில் ஸிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் முப்பது பேர் போல, சார்ல்ஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவரின் தலைமையில், வாடகைப் பேருந்தில் நியூ சவுத் வேல்ஸின் சிறு ஊர்களைச் சுற்றினார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1961ல் நடந்த பேருந்துப் பயணங்களைப் பார்த்து எடுத்த யோசனை. பெயரும் அங்கிருந்து வந்ததுதான், 'ஃப்ரீடம் ரைட்'. பெர்கின்ஸின் மகள் ரேச்சல் பெர்கின்ஸ் 1993ல் இதைப் பற்றி டாக்குமெண்டரி எடுத்திருக்கிறார். அவர்கள் கையில் கேள்வித்தாள்கள் இருந்தன. ஊருக்கு வெளியே பூர்வகுடிகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு நிரப்பினார்கள். படிவம் நிரப்புவது எவ்வளவு சுவாரஸ்யமற்ற காரியம் என்பது தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தகவல் பிடித்திருக்கிறது.

வால்கெட்டில் நிறுத்தினார்கள். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கான கிளப்பில், போரில் சண்டையிட்ட பூர்வகுடிச் சிப்பாய்களுக்கு இடமில்லை. வாசலில் தட்டிகளோடு வெயிலில் நின்றார்கள். ஊர் கூடி அவர்களை வேடிக்கை பார்த்தது, வசை பாடியது. ஆனால் பேருந்தில் வந்தவர்களில் ஒருவரான டார்ஸ் காஸிடி வானொலி நிருபரும்கூட. டேப் ரிகார்டர் வைத்திருந்தார். பூர்வகுடி எவனையும் ஒருநாளும் உறுப்பினராகச் சேர்க்கமாட்டேன் என்று கிளப்பின் துணைத் தலைவர் சொன்னது அதில் பதிவாயிற்று. தாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்த ஊர்க்காரர்களை நாடு முழுவதும் கேட்டது. இரவு ஊரை விட்டுக் கிளம்பிய பேருந்தை ஒரு லாரி இடித்துச் சாலையை விட்டு இறக்கியது.

பிறகு மோரி. அங்கே நகரசபையின் நீச்சல் குளம். 1955ல் போட்ட தீர்மானத்தின்படி பூர்வகுடிகள் அதில் இறங்கக்கூடாது. பெர்கின்ஸும் மாணவர்களும் ரிசர்விலிருந்து சில குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு குழந்தைகளை உள்ளே விட்டார்கள். குழந்தைகள் நீந்தின. ஜெயித்தாகிவிட்டது என்று பேருந்து அடுத்த ஊருக்குக் கிளம்பியது.

சாலைப் படத்தின் இலக்கணப்படி கதை இங்கே முன்னே நகர்ந்திருக்க வேண்டும். நின்ற இடத்துக்கு வண்டி திரும்புவதில்லை. ஸின்தியா என்ன ஆனாள் என்று பார்க்க பிரிஸில்லா திரும்பவில்லை. நெருப்பைச் சுற்றியிருந்தவர்கள் மறுநாள் என்ன செய்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. இந்தப் பேருந்து போன பின்னால், மோரிக் குளத்தில் மறுபடியும் குழந்தைகளை விரட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. பேருந்தைத் திருப்பினார்கள். இந்தத் தடவை ஊரே குளத்து வாசலில் காத்திருந்தது. முட்டையும் தக்காளியும் எறிந்தார்கள், துப்பினார்கள். மணிக்கணக்காக நின்றார்கள். தடையை நீக்க நடவடிக்கை எடுப்பதாக மேயர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பேருந்து அங்கிருந்து கிளம்பியது.